முடித்துக் கொடுத்த சமையலறை

பாசிர் ரிஸ்
22 செப்டம்பர் 2025

தம்பி மஜீதுக்கு, உன் உடன்பிறந்த லாத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் உன் துணிக்கடைக்கு ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனாலும் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். உன் எண்ணை என் கைப்பேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவைப்பாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது.

மக்காவில் உம்ரா முடித்து நான் திரும்பிய அன்று சாங்கி விமான நிலையத்திலிருந்து நீதான் அழைத்து வந்தாய். வழியெல்லாம் உனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல லாத்தா, உங்க முகம் எவ்ளோ ஒளியா இருக்கு, அதான்" என்றாய். வீட்டுக்குள் இருபது பேர். பிரியாணி வாசனை. உன் மனைவி ஹலீமா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடுங்க லாத்தா, நான் சொல்லும்போது தொறங்க" என்றாள். திறந்தேன். என் சமையலறை இல்லை.

சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய டைல். தள்ளினால் தானாகவே மூடிக்கொள்ளும் அலமாரிக் கதவுகள். அடுப்புக்குப் பின்னால் ஏழு மாதமாக நான் என் கையால் ஒட்டிய எட்டு வரிசை வெள்ளை டைல் எங்கே? சாந்து கலக்கும் வாளி எங்கே? பல் வைத்த சாந்துக் கரண்டி, ரசமட்டம், வேலை செய்யும்போது நான் போட்டுக்கொள்ளும் உன் மச்சானின் பழைய சட்டை, எல்லாம் எங்கே?

வந்தவர்களுக்கு முன்னால் "மாஷா அல்லாஹ்" என்றேன். எல்லாருக்கும் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொடுத்தேன். கடைசி ஆள் மின்தூக்கிக்குள் போனதும் சமையலறைக் கதவைச் சாத்தினேன். இன்னும் திறக்கவில்லை.

உனக்கு நான் சாவி கொடுத்தது செடிக்குத் தண்ணீர் ஊற்ற. "போய்ட்டு வாங்க லாத்தா, மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்று நீ என்னை அனுப்பியது எதற்காக என்று இப்போது கேட்கிறேன். யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?

சம்சுன்னிசா


லிட்டில் இந்தியா
25 செப்டம்பர் 2025

லாத்தாவுக்கு, ஸலாம்.

பேனாவைப் பிடித்துக் கடிதம் எழுதிப் பல வருடமாகிறது. பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள், உங்களுக்குப் பழக்கம்தானே.

தீபாவளிச் சரக்கு வந்து இறங்குகிற நேரம். அதற்கு நடுவில் தினமும் பாசிர் ரிஸ்ஸுக்கு ஓடி ஓடி வந்து, வேலைக்காரர்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, நீங்கள் வருவதற்குள் முடிய வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் ரத்னவேலின் கழுத்தில் உட்கார்ந்து வேலை வாங்கினேன். நீங்கள் என்னடாவென்றால் திருடனைக் கேட்பது போல் கேட்கிறீர்கள்.

யாரைக் கேட்டுச் செய்தேன் என்றால், ஊர் என்னைக் கேட்டதால் செய்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் சொன்னார்: "மஜீது, ரெண்டு கடை வெச்சிருக்கே. உங்க லாத்தா சாந்து மூட்டைய தள்ளுவண்டியில வெச்சு எம்ஆர்டி ரயில்ல இழுத்துட்டுப் போறாங்க. பாத்தியா இல்லியா?" என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஜூலை மாதம் நானும் ஹலீமாவும் வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பகல் ஒரு மணி. நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். தலையெல்லாம் வெள்ளைத் தூள். பக்கத்தில் பாதி கடித்த ரொட்டி, அதன்மேலும் தூள். ஹலீமா ஏதோ கேட்டதற்கு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் அஞ்சு வரிசை இருக்கு" என்றீர்கள். மின்தூக்கியில் இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, லாத்தாவுக்கு முத்திப்போச்சு" என்று அழுதாள்.

மச்சான் இருந்திருந்தால் உங்களை இந்த நிலையில் விட்டிருப்பாரா? அவர் இல்லாத இடத்தில் நான் நின்று செய்தேன். அதற்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டாம், திட்டாமலாவது இருக்கலாம்.

மஜீது


பாசிர் ரிஸ்
1 அக்டோபர் 2025

மஜீதுக்கு,

ஹலீமாவிடம் சொல், அவள் கண்டுபிடித்தது சரி, மாதம்தான் தவறு. முத்திப்போயிருந்தது ஜூலையில் அல்ல, அதற்கு முந்தைய வருடம். உன் மச்சான் அப்துல் முத்தலிப் இறந்து, நான் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் வீடு நிறைய ஆள் இருந்தது. இத்தா முடிந்தது, எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் வெளியே வரவில்லை. கதவு திறந்திருந்தது, யாரும் தடுக்கவில்லை, ஆனால் நான் வரவில்லை. தலை வாராமல் பதினைந்து நாள் இருந்திருக்கிறேன். பகலா இரவா என்று திரையை விலக்கிப் பார்க்கவும் மனம் வராது. அந்த வருடம் முழுவதும் நீங்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தீர்கள். "வீடு நீட்டா இருக்கு, லாத்தா தேறிட்டாங்க" என்றீர்கள். எதையும் தொடாதவள் வீடு சுத்தமாகத்தானே இருக்கும்?

பலதுறை மருந்தகத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆலோசகரிடமும் அனுப்பினார். இரண்டையும் நான் நிறுத்தவில்லை, பயப்படாதே. ஆனால் ஒன்று சொல்கிறேன். மாத்திரை என்னைக் கட்டிலின் விளிம்பு வரை கொண்டுவந்து உட்கார வைக்கும். அங்கிருந்து எழுந்து போக ஒரு காரணம் வேண்டும்.

இந்த ஜனவரி மழையில் அந்தக் காரணம் தானாக வந்தது. அடுப்புக்குப் பின்னால் மூன்று டைல் பட்டாசு போல் வெடித்து விழுந்தன. தரையெல்லாம் சில்லு. பெருக்கித்தானே ஆக வேண்டும்? பெருக்கினேன். பல மாதத்தில் நான் முழுதாகச் செய்த முதல் வேலை அது. மறுநாள் சிராங்கூன் ரோட்டில் சிமெண்டு, டைல் விற்கும் ரகுபதியின் வன்பொருள் கடைக்குப் போய், ஆள் கிடைக்குமா என்று கேட்டேன். "டீச்சர், மூணு டைலுக்கு ஒருத்தனும் வரமாட்டான் லா. நீங்களே ஒட்டிடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சாந்தை எந்தப் பதத்தில் கலக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

மூன்று டைலை ஒட்டப் போய்ச் சுவர் முழுவதையும் மாற்றுவதென்று இறங்கினேன். டைல்களுக்கு நடுவே சம இடைவெளி விட பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் விற்கிறார்கள், தெரியுமா? கணக்கு டீச்சருக்கு வேறென்ன வேண்டும்! கலந்த சாந்து அரை மணியில் இறுகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் உன் மச்சானின் கடைசி இரவைப் பற்றி நினைக்க எனக்கு இடம் இருக்காது. மறுநாள் காலையில் கண் விழித்ததும், நேற்று வைத்த டைல் நிற்கிறதா விழுந்துவிட்டதா என்று போய்ப் பார்க்கத் தோன்றும். அவ்வளவுதான். எழுந்துவிடுவேன். மதீனாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, மின்செருகி இருக்கும் மூலையில் டைலை எப்படி வெட்டுவது என்று ஒரு யோசனை ஓடியது. வெட்கப்பட்டு இஸ்திக்ஃபார் செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஊர் திரும்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போதுதான் வந்தது.

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். திவ்யதர்ஷினி என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை. ஒரு பின்னக் கணக்குக்கு ஒரு பாடவேளை எடுப்பாள். புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் ஆசிரியர், நல்ல மனிதர்தான், பார்க்கப் பொறுக்காமல் குனிந்து அவள் நோட்டில் விடையை எழுதிக் கொடுத்தார். அவள் அழவில்லை. பென்சிலைப் பையில் போட்டு மூடினாள். அந்த வாரம் முழுவதும் என் வகுப்பில் அவள் அந்தப் பையைத் திறக்கவே இல்லை. அவருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. "ஹெல்ப்தானே பண்ணேன்" என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் வந்து பதின்மூன்று நாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. கீழே கோப்பிக்கடையில் எதையாவது வாங்கிப் பாதியை எறிகிறேன். நேற்று மாலை ஐந்து மணிவரை முகம் கழுவவில்லை. எழுந்து எங்கே போவது? உன் சமையலறையில் எனக்கு வேலை இல்லை.

சம்சுன்னிசா


லிட்டில் இந்தியா
4 அக்டோபர் 2025

லாத்தா,

கடிதம் கிடைத்ததும் ரத்னவேலைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். கவலை வேண்டாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஜூலையில் வந்தபோது ஹலீமா சமையலறையைப் படம் எடுத்திருக்கிறாள். அதைப் பார்த்து அதே மாதிரி வெள்ளை டைல், நீங்கள் எழுதிய கணக்குப்படி எட்டு வரிசை போட்டுத் தரச் சொல்லிவிட்டேன். உங்கள் நான்காவது வரிசை இடது பக்கம் கொஞ்சம் இறங்கி இருந்ததே, அதுகூட அப்படியே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "பாய், கோணலா போட நான் இதுவரைக்கும் கூலி வாங்குனதில்ல" என்றான். "எங்க லாத்தாவுக்காக வாங்கிக்க" என்றேன். மீதி நாலு வரிசையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். யாரும் தொடமாட்டார்கள்.

இரண்டே நாள் வேலை. எந்தக் கிழமை வரச் சொல்லட்டும்?

மஜீது


பாசிர் ரிஸ்
7 அக்டோபர் 2025

மஜீது,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை, கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். இரண்டாவது முறை, இல்லை, உண்மையாகவே எழுதியிருக்கிறாய் என்று தெரிந்தது. அது இன்னும் மோசம்.

என் கோணலை இன்னொருவன் அளந்து போட்டுத் தருவானா? திவ்யதர்ஷினி கதையை உனக்கு எதற்காக எழுதினேன்? விடையை அழித்துவிட்டு, அவள் கையெழுத்து மாதிரியே பாதிக் கணக்கை எழுதித் தரட்டுமா என்று கேட்கிறாய். அந்த நான்காவது வரிசை ஏன் இறங்கியது என்று உனக்குத் தெரியுமா? அன்று உன் மச்சானின் பிறந்தநாள். கை நடுங்கியது. ஆனாலும் ஒட்டினேன். ரத்னவேலுக்கு எந்த நாளில் கை நடுங்கச் சொல்லப்போகிறாய்?

யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். வெட்கத்தைவிட ஆத்திரம் பெரிதாகிவிட்டது.

ஒவ்வொரு நாளும் சாந்து பூசுவதற்கு முன்னால் வெறும் சுவரில் பென்சிலால் தேதி எழுதுவேன். பக்கத்தில் ஒரு வரி. "தலை குளித்தேன்." "கீழே போய்ப் பால் வாங்கினேன்." "ஒரு டைல்தான். போதும்." பிறகு அதன்மேல் டைலை வைத்து அழுத்திவிடுவேன். ஆலோசகர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தார். நோட்டில் எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள் என்று பயம். சுவர் யாரிடமும் சொல்லாது என்று நினைத்தேன். எட்டு வரிசைக்கும் பின்னால் ஏழு மாதம் இருந்தது. அதை நீ சுத்தியலால் அடித்து, குப்பை மூட்டையில் கட்டி, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறக்கிவிட்டாய்.

அந்த ரத்னவேல் என் வாசலுக்கு வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். நீ வந்தாலும்தான்.

சம்சுன்னிசா


லிட்டில் இந்தியா
13 அக்டோபர் 2025

லாத்தா,

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் நான் மனிதன் இல்லை.

செப்டம்பர் ஆறாம் தேதி ரத்னவேல் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "பாய், பழைய டைல பேத்தா உள்ள பென்சில்ல என்னென்னமோ எழுதியிருக்கு. தமிழ்ல இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க." கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் படத்தைத் திறக்கவில்லை. "அடிச்சுடு லா, டைம் இல்ல" என்று பதில் போட்டேன். யாரோ பழைய வீட்டுக்காரர் எழுதிய அளவாக இருக்கும் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று படத்தைத் திறந்தேன். கடையில் ஒரே கூட்டம். ஒரு அம்மா, "பாய், இந்தச் சேலைக்கு இதே கலர்ல பிளவுஸ் பிட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். என் காதில் விழவில்லை. உங்கள் கையெழுத்து. "பிப்ரவரி 11. இரண்டு டைல். மஜீது போன் செய்தான். எடுக்க முடியவில்லை."

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மச்சான் போன பிறகு தினமும் காலையில் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸலாம் அனுப்புவேன், பூப் படம் போட்டு. நீங்கள் பதில் போட்டதே இல்லை. நான் பதிலுக்காக அனுப்பவில்லை. நீங்கள் அதைப் பார்த்ததும் இரண்டு நீல டிக் விழும் இல்லையா, அதற்காக. அது விழுந்த பிறகுதான் கடை ஷட்டரைத் தூக்குவேன். பிப்ரவரி பதினொன்று அன்று பத்து மணிவரை விழவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. பத்தே முக்காலுக்கு டிக் விழுந்தது. அதுவரை என் கடை வாசலில் நான் எப்படி நின்றேன் என்று அடுத்த கடைக்காரரைக் கேளுங்கள்.

அந்த அரைகுறைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் தெரிந்தது. அதை முழுதாக்கிவிட்டால் நீங்களும் முழுதாகிவிடுவீர்கள் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

இப்போது என்னைத் தடுத்துவிட்டீர்கள். டிக் விழுவதில்லை. தினமும் ஹலீமா உங்கள் புளோக்குக்குக் கீழே வந்து, ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். மேலே வரப் பயப்படுகிறாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தரட்டுமா? நீங்கள் சொன்னால் மட்டும் செய்கிறேன். இனி எதையும் நானாகச் செய்யமாட்டேன்.

மஜீது


பாசிர் ரிஸ்
19 அக்டோபர் 2025

மஜீதுக்கு,

படத்தை அழித்துவிடு. ஹலீமாவிடம் காட்டியிருந்தால் அவளையும் மறக்கச் சொல். அது உங்களுக்காக எழுதியதல்ல.

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்த்தேன். "வீட்டுல இப்ப என்ன செய்றீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த சந்திப்பை ஆறு வாரத்திலிருந்து இரண்டு வாரமாக மாற்றியிருக்கிறார்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். டிக் விழும். பதில் வராது. கடையைத் திற.

சம்சுன்னிசா


பாசிர் ரிஸ்
5 நவம்பர் 2025

மஜீதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கையில் போன் இருந்தால் தூர வை.

போன வாரம் வெந்நீர் வைக்கச் சமையலறைக்குள் போனேன். மாத்திரை விழுங்கத்தான். கரண்டி கை தவறிச் சுவரில் பட்டது. டொக்கென்று ஒரு சத்தம். காலி பிஸ்கட் டின்னைத் தட்டினால் வருமே, அது. நான் அப்படியே நின்றுவிட்டேன். டைல் முழுதாக ஒட்டியிருந்தால் மேசையைத் தட்டுவது போல் கெட்டியாகச் சத்தம் வர வேண்டும். உள்ளே காற்று இருந்தால்தான் இப்படி வரும். பக்கத்து டைலைத் தட்டினேன். அதுவும் டின். கெட்டிலை அணைத்துவிட்டு, கரண்டிக் காம்பால் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். டின் சத்தம் வந்ததற்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். முப்பத்தொரு வருடம் போட்ட குறி, கை தானாகப் போட்டது. நாற்பத்தாறில் பத்தொன்பது தவறு.

ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் சாந்து பூசியிருக்க வேண்டாமா? நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து உருண்டை. இட்லி மாதிரி வைத்து, அப்படியே சுவரில் அப்பிவிட்டுப் போயிருக்கிறான் உன் ரத்னவேல். ரகுபதியிடம் அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், யாரோ விரட்டி விரட்டி வேல வாங்கியிருக்காங்க லா" என்றார். யார் என்று நான் சொல்லவில்லை.

நீ அவன் கழுத்தில் உட்கார்ந்ததாகப் பெருமையாக எழுதியிருந்தாய். என் எட்டு வரிசையில் ஒரு டைலின் பின்னால்கூடக் காற்று கிடையாது, மஜீது. ஒரு ரொட்டித் துண்டைக் கடிக்கும் நேரத்தைக்கூட மிச்சம் பிடித்து, பல் வைத்த கரண்டியால் ஓரம் வரை இழுத்து இழுத்துப் பூசியது அது. அதை உடைத்துப் போட்டுவிட்டு, இந்த ஐந்து உருண்டையை எனக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். போன மாதத்தைவிட அதிகம்.

புது வாளி, கரண்டி, ரசமட்டம் எல்லாம் வாங்கிவிட்டேன். மிச்ச டைலை இரண்டு பெட்டி சிங்குக்குக் கீழேயே விட்டுப் போயிருக்கிறார்கள், அது போதும். ஒன்பது மணிக்கு முன்னால் தட்டக் கூடாது என்பது விதி. நான் இன்று எட்டரைக்கே தலையைக் கட்டிக்கொண்டு, உளியை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்குள் மூன்று டைலை உடையாமல் எடுத்தேன். நான்காவது உடைந்தது. உடைந்ததற்கு வாய்விட்டுத் திட்டினேன். திட்டிவிட்டுச் சோறு வடித்து, ரசம் வைத்து, இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். ரத்னவேலுக்குப் போன் போட்டு, "என்னப்பா இப்படி ஒட்டியிருக்கே, உடனே ஆளனுப்பு" என்று கத்தத் தோன்றும். அவனும் பயந்துபோய் நாளைக்கே நாலு பேரோடு வந்து நிற்பான். அது நடந்தால், வல்லாஹி, உன் எண்ணைத் தடுப்பதோடு விடமாட்டேன், கடைக்கே வந்து உன் வாடிக்கையாளர்கள் முன்னால் காதைத் திருகுவேன்.

பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வா. ஹலீமாவையும் மேலே கூட்டிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை தட்டக் கூடாது, அதனால் பேச நேரம் இருக்கும். சுவரைப் பார்க்கலாம். தொடக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. "இன்னும் எவ்ளோ நாள் லாத்தா?" என்று கேட்கவே கூடாது.

அதைக் கீழ் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். சத்தத்துக்கு மன்னிக்கும்படி மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு மூன்றின் கதவிலும் காகிதம் ஒட்டியிருக்கிறேன். பத்து நாளில் முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். பொங்கல் வரைக்கும் போகும்.

சம்சுன்னிசா